ஈரானிய வீட்டில் அம்மா பேசிய ஆங்கிலம்

மரியாதை தெரிந்த இரண்டு குடும்பங்கள் ஒரு வாசலில் சந்தித்தால் ஒருவரும் உள்ளே போக முடியாது. இதை நான் லண்டன் மழையில் நனைந்தபடி கற்றுக்கொண்டேன்.

நான் காதலித்த நீலூஃபரைப் பெண் கேட்க ஹவுன்ஸ்லோவிலிருந்து அம்மாவும் நானும் போயிருந்தோம். ஈரானியர் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டார்தான் பூவோடும் இனிப்போடும் போய்க் கேட்க வேண்டும். (மாப்பிள்ளை என்று சொல்ல என்னிடம் இருந்த ஒரே தகுதி, புதுக் கோட்.) அவளுடைய அப்பா கதவைத் திறந்து, "நீங்கள் முதலில்" என்றார். அம்மா, "இல்லை, நீங்கள்" என்றார். லட்டுப் பெட்டி ஊறத் தொடங்கியதும் நான் இருவரையும் இடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

நீலூஃபர் முன்கூட்டியே பாடம் எடுத்திருந்தாள். தேநீர் தந்தால் முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், வற்புறுத்திய பிறகே எடுக்க வேண்டும். யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு அது கைவந்த கலை. ஆனால் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டாள். அவளுடைய அப்பா தன்னுடைய எதையும், பெற்ற பிள்ளை உட்பட, தாழ்த்தித்தான் பேசுவார். கேட்பவர் பதறிப்போய் மறுக்க வேண்டும்.

அவர் நெஞ்சில் கைவைத்து ஆங்கிலத்தில் சொன்னார்: "என் மகள் உங்கள் மகனுக்குத் தகுதியானவள் இல்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது."

(அவள் இருதய டாக்டர். எனக்கு முட்டை அவிக்கத் தெரியாது.)

நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். விமான நிலையக் கன்டீனில் புது ஆட்களை வேலை வாங்கிய ஆங்கிலம் அது.

"நோ புரொப்ளம். வீ வில் டிரெயின் ஹெர்."

தேநீர்த் தட்டோடு வந்த நீலூஃபர் அப்படியே நின்றாள். அவளுடைய அம்மா பிஸ்தாக் கிண்ணத்தை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நாங்கள் யோசிக்க வேண்டும்" என்றார் அப்பா. திரும்பும்போது வாசலில் யாரும் யாரையும் உபசரிக்கவில்லை.

"என்னம்மா இப்பிடிச் சொல்லிப்போட்டீங்கள்?" என்று காருக்குள் கத்தினேன்.

"அவர்தானே சொன்னவர், ஒண்டும் தெரியாதெண்டு? அவற்ற வீட்டிலயே இருந்துகொண்டு பொய் எண்டு சொல்லேலுமே?"

"அது சும்மா மரியாதைக்குச் சொல்லுறதம்மா! நீங்கள் இல்லையெண்டு சொல்லியிருக்கோணும்!"

மறுநாள் நீலூஃபர் போன் எடுத்தாள். "அப்பா வேண்டாம் என்கிறார். இந்தமுறை மரியாதைக்கு இல்லை." தகப்பனோடு இரவு முழுக்கச் சண்டை பிடித்துக் குரல் கட்டியிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அம்மா என் முகத்தைப் பார்த்தார். "நம்பரைத் தா தம்பி. இப்ப எனக்கு விளங்கிட்டுது" என்று அவளுடைய அப்பாவுக்கே ஸ்பீக்கரில் போன் எடுத்தார்.

பிறகு நடந்தது என் மானத்தின் இறுதி ஊர்வலம். என் மகனுக்குச் சமைக்கத் தெரியாது, சொக்ஸ் தோய்க்கத் தெரியாது, கோபம் மட்டும் வரும், உங்கள் மகளின் கால்தூசிக்கும் காணாது என்று அம்மா தன் ஆங்கிலம் முழுவதையும் செலவழித்துவிட்டு, மறுப்புக்காகக் காத்திருந்தார். நானும்தான்.

அவர் மறுக்கவில்லை. நான் அதுவரை கேட்காத அளவு சந்தோஷமாகச் சொன்னார்:

"நோ புரொப்ளம். வீ வில் டிரெயின் ஹிம்."

கல்யாணம் முடிந்து பிள்ளையும் பிறந்துவிட்டது. நான் சோற்றை அடிப்பிடிக்க விடும்போதெல்லாம் மாமனார் அதையே சொல்கிறார். என் குட்டி மகளும் இப்போது கூடச் சேர்ந்து சொல்கிறாள். அம்மா பக்கத்தில்தான் இருப்பார். ஒரு மரியாதைக்காவது மறுத்ததில்லை.