பன்றியை மட்டும் சரியாக நிறுத்த மெஷின்

கடவுளை நம்பாதவர் உண்டு, மாப்பிள்ளையை நம்பாதவர் உண்டு, ரேடியோச் சேதியை நம்பாதவர் உண்டு. இவர்களோடெல்லாம் ஒரு பந்தியில் உட்கார்ந்து சாப்பிடலாம். எடை மெஷினை நம்பாதவர் என்று ஒரு வகை இருக்கிறதே, அவரிடம் மட்டும் வாயைக் கொடுத்துவிடாதீர்கள்.

எங்கள் டோங்காத் தீவுகளில் இந்த வகை வள்ளிக்கிழங்கு மாதிரி செழிப்பாக விளையும். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து, மண்ணுக்குள் மூடிவைத்த அடுப்பைத் திறந்து, தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலைப் பொட்டலங்களை உள்ளே தள்ளி, அதன்மேல் கிழங்கு, கிழங்கின்மேல் மொறுமொறு பன்றித்தோல், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு குடுவை தர்பூசணிச் சாறு என்று கட்டடம் எழுப்பி முடித்த பிறகு, “இந்த ஆஸ்பத்திரிக்காரங்க சொல்றதெல்லாம் சும்மா” என்பார். சாப்பிடும்போது சொல்ல மாட்டார். அப்போது வாய்க்கு வேறு வேலை.

என் சித்தி மகள் லூசியாவைக் கட்டிய பௌலியாசி இந்த வகையில் முதல் தரம். ஒருநாள் நர்ஸ் சலோமே கோயில் கூடத்துக்கு வந்து, ஊரில் பாதிக்கு மேல் பேருக்கு எடை அதிகம், அதனால் சர்க்கரை, அதனால் மாரடைப்பு என்று படம் காட்டினாள். பௌலியாசி எழுந்தார். அவர் எழுந்தால் பெஞ்சில் இருந்த மற்றவர்கள் ஒருபக்கமாகச் சரிவார்கள்.

“பாதிக்கு மேல பேரு ஒரே மாதிரி இருந்தா அதுக்குப் பேருதாம்மா அளவு. மிச்சப் பேருக்குத்தான் வியாதி. அவங்களுக்குச் சோறு போடுங்க.”

“அப்படி இல்ல மாமா, உயரத்துக்கு இவ்வளவு எடைன்னு ஒரு கணக்கு இருக்கு.”

“வெள்ளைக்காரன் எலும்புக்குப் போட்ட கணக்கு. எங்க எலும்பு கனம். எலும்பை எடுத்து வெச்சுட்டு நிறுத்துப் பாரு.”

கூடமே சிரித்தது. சலோமே படத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். இவருடைய அண்ணனுக்குச் சர்க்கரையில் கால் எடுத்தபோதுகூட, செருப்பு கடித்ததுதான் காரணம் என்றவர் இவர். இவரிடம் சலோமே என்ன, டாக்டர் வந்தால்தான் என்ன?

பிறகு சிசிலியாவுக்குக் கல்யாணம் வந்தது. பௌலியாசியின் அக்காள் மகள். அப்பா இல்லாத பெண். அவளைக் கைபிடித்துக் கோயிலுக்குள் அழைத்துப் போகப்போவது “தாய்மாமன் நான்தான்” என்று போகிற வருகிற நாய்க்கெல்லாம் சொல்லிவைத்திருந்தார். கல்யாணம் சனிக்கிழமை, வவாவு தீவில். வெள்ளிக்கிழமை குட்டி விமானம், ஆளையும் நிறுத்துத்தான் ஏற்றுவார்கள். அதை விட்டால் திங்கள்தான். ஞாயிறன்று எங்கள் நாட்டில் காக்கையும் பறக்காது.

விமான நிலையத்தில் அவருக்குப் பின்னால் நான். தென்னங்கீற்றில் கட்டிய சுட்ட பன்றி ஒன்று அவரோடு வந்திருந்தது. சம்பந்தி வீட்டுப் பந்திக்கு.

“மெஷின்ல ஏறுங்க ஐயா” என்றார் டிக்கெட்காரர். “டிக்கெட் போட்டப்ப போன்ல நூறு கிலோன்னு சொன்னீங்க. இது நூத்தம்பது காட்டுது.”

“இடுப்புல பாய் கட்டியிருக்கேன்ல. அந்தக் கனம்.” விசேஷத்துக்குப் போனால் மரியாதைக்கு உடைமேல் பாய் சுற்றிக் கட்டுவது எங்கள் வழக்கம்.

“பாயை அவுத்துட்டு நில்லுங்க.”

“நாலு பேரு முன்னால பாய் இல்லாம நிக்கவா? நான் பெரிய மனுஷன், தம்பி. உன் மெஷின்தான் பொய் சொல்லுது.”

வரிசையில் யாரோ குரல் கொடுத்தார்: “அந்தப் பன்னி முப்பது கிலோகூடத் தேறாது போலிருக்கே. சம்பந்தி வீட்டுல சிரிக்கப் போறாங்க.”

பௌலியாசிக்கு ரோஷம் வந்துவிட்டது. “முப்பதா? நான் கையால தீனி போட்டு வளத்தது. ஐம்பதுக்கு ஒரு குண்டுமணி குறைஞ்சா என் பேரை மாத்திக்கறேன். வைடா மெஷின்ல.”

வைத்தார்கள். ஐம்பது.

“பாத்தியா? மெஷினே சொல்லுது” என்று நெஞ்சை நிமிர்த்தினார். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. கூட்டத்தில் ஒருவர் இருமினார். சிரிப்பை மறைக்கிற இருமல்.

“விமானம் தாங்கறதுக்கு மேல ஐம்பது கிலோ இருக்கு. ஒண்ணு பன்னி, இல்ல நீங்க” என்றார் டிக்கெட்காரர்.

எங்களில் அக்காள் மகள் வாக்கு மாமனுக்கு வேதவாக்கு. போன் போட்டார்கள். சிசிலியாதான் எடுத்தாள்.

“மாமா, நீங்க வரணும்னுதான் எனக்கு ஆசை. ஆனா பன்னி இல்லாம பந்தி வெச்சா நம்ம குடும்பத்துக்கே தலைகுனிவு. பன்னிய ஏத்திவிடுங்க.”

ஏற்றினார்கள். ஜன்னலோரச் சீட்டு. நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். நல்ல சகபயணி, மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பௌலியாசி திங்கட்கிழமை வந்து கல்யாணப் படத்தைப் பார்த்தார். அவர் நிற்க வேண்டிய இடத்தில், சிசிலியாவின் கையைப் பிடித்தபடி, கீரைத்தண்டு மாதிரி ஒரு சித்தப்பா. வெகுநேரம் பார்த்துவிட்டு, “இந்தக் கேமராவும் சரியில்ல” என்றார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் எடை மெஷினில் ஏறும்முன் செருப்பைக் கழற்றி, கடிகாரத்தைக் கழற்றி, மூச்சைப் பிடித்து, அப்படியும் எண் இறங்காததால் தரை கோணல் என்று அதை அடுத்த மூலைக்கு இழுத்துப் போனது யார்? அதே மெஷினில் வீட்டு அரிசி மூட்டையை வைத்துப் பாருங்கள். மூட்டைக்குச் சரியாகக் காட்டினால் உங்கள் அம்மா வழி, அப்பா வழி எல்லாம் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். பௌலியாசிக்கு நீங்கள் என்ன முறை வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.