பெண் பார்க்க வந்தவர்களை ஊர் சுற்றிக் காட்டியது

எங்கள் வீட்டிலிருந்து கடலூர் மியூசியத்துக்கு சைக்கிளில் ஐந்து நிமிடம். ஆனாலும் வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை என்பது இருபத்திரண்டு வயதுவரை எனக்குத் தெரியாது. (உள்ளூர்க்காரன் எவன் மியூசியத்துக்குப் போகிறான்?) தெரிந்துகொண்டது 2004இல், என் அக்காவைப் பெண் பார்க்க ஈரோட்டிலிருந்து வந்தவர்களை அதன் பூட்டிய கேட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியபோது.

ஒன்பதரைக்கு வரவேண்டியவர்களின் கார் பத்தரைக்குத்தான் வந்தது. ராகு காலம் தொடங்கிவிட்டது. அப்பா என்னைத் தனியாக இழுத்துப்போனார்.

"பன்னண்டு வரைக்கும் இவுங்கள எங்கனா சுத்திக் காட்டிட்டுக் கூட்டியா. மியூசியம் போ, வெயில் தெரியாது."

படிப்பை முடித்து ஒரு வருடமாகச் சும்மா இருந்த எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது. டிரைவர் பக்கத்தில் கலெக்டர் மாதிரி ஏறி உட்கார்ந்தேன். பின்னால் மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா. மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை.

கேட்டைப் பார்த்ததும் மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்: "ஏனுங்க தம்பி, பூட்டியிருக்குதுங்களே?"

தெரியாமல் வந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அக்காவின் கல்யாணமே என் பதிலில் தொங்குவதாக எனக்கு ஒரு நினைப்பு.

"இதுல இன்னாங்க இருக்கு, நாலு கல்லு. சிதம்பரம் போலாம் வாங்க. அரை மணி நேரம்தான்."

(அரை மணி நேரம் என்பதை ரோடு ஒத்துக்கொள்ளவில்லை.)

கோயிலுக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டே கால். நடை சாத்தியாயிற்று, இனி சாயங்காலம்தான். மாப்பிள்ளையின் அம்மா மூடிய கதவையே கும்பிட்டுவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, பசி இருந்தது.

அப்போது எங்கள் யாரிடமும் செல்போன் கிடையாது. வெளியே வரிசையாக எஸ்.டி.டி. பூத் இருந்தது. போன் பண்ணினால் அப்பா திட்டுவார் என்று பண்ணவில்லை. வழியில் சாப்பிடலாமா என்று கேட்டார்கள். "வேணாங்க, வூட்ல விருந்து ரெடி" என்று அதையும் கெடுத்தேன். அதற்கப்புறம் ரயில்வே கேட்டில் முக்கால் மணி நேரம்.

கடலூர் திரும்பி, எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் மஞ்சக்குப்பம் மைதானத்தருகே வந்தபோது மூன்றாகப் பத்து நிமிடம். மாப்பிள்ளையின் அப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "தம்பி, எனக்குச் சக்கரை இருக்குதுங்க. ஏதாச்சும் வாயில போட்டாகணும்."

பதறிப்போய் காரை நிறுத்தச் சொல்லிப் பெட்டிக்கடைக்கு ஓடினேன். நான்கு வாழைப்பழத்தோடு திரும்பினால், எதிரே ஸ்கூட்டியில் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலை நிறைய மல்லிகையோடு அக்கா. அப்பா எங்களைத் தேடி பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறார். பொறுக்க முடியாமல் இவளும் கிளம்பிவிட்டாள்.

"டேய் எருமை! மாப்ள வூட்டுக்காரங்கள எங்கடா தொலச்ச? மூணு மணிக்கு எமகண்டம்! அவுங்க வந்த வழியே ஓடிட்டாங்களா?"

கார் கண்ணாடி இறங்கியது. காலையிலிருந்து பேசாத மாப்பிள்ளை முதல்முறையாகப் பேசினார்.

"நாங்க இங்கதானுங்க இருக்கோம்."

அக்காவின் வாயும் ஸ்கூட்டியும் ஒரே நேரத்தில் நின்றன. செருகிய புடவையை இறக்கிவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. கல்யாணம் முடிந்தது என்று நினைத்தேன், கெட்ட அர்த்தத்தில்.

மாப்பிள்ளையின் அப்பா என் கையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து உரித்தார். "எமகண்டத்துக்கு இன்னும் அஞ்சு நிமிசம் இருக்குது. பொண்ணப் பாத்தாச்சு. என்ன சொல்றடா?"

மாப்பிள்ளை சிரித்தார். "எனக்குச் சம்மதமுங்கப்பா. அவங்களையும் கேளுங்க."

அக்கா தரையைப் பார்த்தபடி, "மொதல்ல வூட்டுக்கு வந்து சாப்புடுங்க" என்றாள். அது சம்மதம்தான் என்பதை அன்று ராத்திரி அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

தை மாதம் கல்யாணம். இப்போதும் குடும்பமாக எங்காவது கிளம்பி நான் முன் சீட்டில் ஏறினால் போதும், பின்னாலிருந்து அக்கா வீட்டுக்காரர் குரல் கொடுப்பார்: "நாங்க இங்கதானுங்க இருக்கோம்." அவர்கள் மகள், என்னை மாமா என்று கூப்பிடப் பழகுவதற்கு முன்பே இதைச் சொல்லப் பழகிவிட்டாள்.