ஒரு நோயாளியும் இறக்காத கல்லூரி

மருத்துவக் கல்விக்கு மிகப் பெரிய இடைஞ்சல் நோயாளிதான். இந்தப் பேருண்மையை உலகுக்கு உணர்த்திய பெருமை அமெரிக்காவில் கென்டக்கி மலைப்பக்கத்து ப்ரைஸ் ஃபோர்க் ஊரையே சேரும். அங்கிருந்த ஒரே ஆஸ்பத்திரியை, வருமானம் போதவில்லை என்று இழுத்து மூடினார்கள். பிறகு, 'இப்பகுதியில் டாக்டர்களே இல்லையே' என்று மனம் நொந்து, அதே கட்டடத்தில், முழு டாக்டர் பட்டமே தரும் ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரி ஒன்றைத் திறந்தார்கள். தொலைநோக்கு என்பது இதுதான்.

அவ்வூர்ப் பெண் டெலியா கூம்ஸுக்கு அந்தப் புதுக் கல்லூரியிலும் இடம் கிடைத்திருந்தது. காரில் ஆறு மணி நேரம் போகவேண்டிய, நூறு வயது தாண்டிய பழைய கல்லூரியிலும் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் எது என்று சொல்லியாக வேண்டும். படித்து முடித்துச் சொந்த ஊருக்கு டாக்டராக வரவேண்டும் என்பது அவள் ஆசை. ஊரை விட்டே போகக் கூடாது என்பது அப்பா வெர்னின் ஆசை. மனைவி இறந்த பிறகு நிலக்கரி லாரி ஓட்டி வளர்த்த ஒரே மகள் அல்லவா! கொஞ்ச நாளாக மாடி ஏறினால் அவருக்கு நெஞ்சை அடைத்தது. மகளிடம், "பீன்ஸ் சூப் சேரல, கண்ணு" என்று சொல்லிச் சமாளித்துவந்தார்.

முதலில் பழைய கல்லூரிக்குப் போனார்கள். தாடிவைத்த நிறுவனரின் படத்தின் கீழே மூன்றாமாண்டு மாணவன் ஒருவன் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான்:

"எங்க ஆஸ்பத்திரியில நோயாளிக்குப் பஞ்சமே இல்லீங்க. ஒரு கட்டிலச் சுத்திப் பத்துப் பேர் நிப்போம். போன மாசம் ஒருத்தரோட முழங்கைய நானே என் கண்ணால பார்த்தேன்."

"மீதி ஆளு?" என்றார் வெர்ன்.

"அது சீனியருங்களுக்கு."

திரும்பும் வழியெல்லாம் வெர்ன் முணுமுணுத்தார். "முழங்கைய பார்க்கவா ஆறு மணி நேரம் வண்டி ஓட்டணும்? என் முழங்கைய காட்டறேன், வீட்டுலயே இரு."

"சும்மா இருங்கப்பா. அங்க நெஜ நோயாளியாவது இருக்காங்க."

மறுநாள் புதுக் கல்லூரி. டீன் விட்லாக் வாசலுக்கே வந்து வரவேற்றார்.

"எங்க மாணவர் ஒருத்தர்கூட லைசென்ஸ் பரீட்சையில தோத்ததில்ல!"

"இன்னும் யாரும் எழுதவே இல்லையே டாக்டர்?" என்றாள் டெலியா.

"அதனாலதான் சாதனை முறியாம இருக்கு."

"நோயாளிங்க?"

"நடிகருங்கள வெச்சிருக்கோம். நெஞ்சுவலி, பிரசவ வலி, எது வேணும்னாலும் அசத்திடுவாங்க. நெஜ நோயாளி பாடத்திட்டப்படியா நடந்துக்கறான்? திடீர்னு வருவான், திடீர்னு போயிடுவான். ஒழுங்கே கிடையாது."

வெர்ன் இதை ரசித்துச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு மாடிப்படியில் கால் வைத்தவர், மார்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தார்.

வெள்ளைக் கோட்டுகள் நாலா பக்கமிருந்தும் ஓடிவந்தன. ஒருவன் மண்டியிட்டான்.

"வணக்கம் சார். என் பேரு ப்ரென்னன், முதலாமாண்டு. உங்களைத் தொட அனுமதி உண்டா?"

"நெஞ்சு..."

"உங்க வேதனை எனக்குப் புரியுது."

"கனிவுக்கு ரெண்டு மார்க்," என்றாள் பக்கத்தில் நின்றவள். "ஆனா நீ கை கழுவல."

"வேர்வைகூட வருது பாரு! இந்த நடிகரை எங்கேருந்து புடிச்சாங்க?" என்று வியந்தான் இன்னொருவன்.

"நடிப்பு இல்ல, பாவிகளா! அவர் எங்கப்பா!" என்று டெலியா அலறினாள்.

"மகளா நடிக்கறவங்க அதுக்கும் மேல," என்றான் ப்ரென்னன் பயபக்தியோடு.

வெர்னின் உதடு நீலமானது. அது பாடத்திட்டத்தில் இல்லாததால் டீனுக்குச் சந்தேகம் வந்தது.

"அவசர சிகிச்சைப் பிரிவு எங்க?" என்று டீனின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள் டெலியா.

"அது இப்போ காபிக் கடைம்மா."

ஆம்புலன்ஸ் வந்தது. அடுத்த ஆஸ்பத்திரி இரண்டு மலை தாண்டி இருந்தது. வண்டிக்குள் வெர்ன் கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தார்.

"எங்கம்மா கூட்டிட்டுப் போறாங்க? ஆஸ்பத்திரியிலதானே இருந்தோம்?"

 டெலியா அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். இரண்டாவது மலை ஏறும்போது அவர் போய்விட்டார். வளாகத்தில் இதுவரை ஒரு நோயாளிகூட இறந்ததில்லை என்ற கல்லூரியின் பெருமைக்கு இதனால் எந்தப் பங்கமும் இல்லை.

வெள்ளிக்கிழமை டீன் ஃபோன் செய்தார். 

"உங்க இடம் உங்களுக்காகவே காத்திருக்கும்மா."

"நான் பழைய காலேஜுக்குப் போறேன், டாக்டர்."

"அவசரப்படாதீங்க. உங்கப்பா ஞாபகமா புதுசா ஒரு பொம்மை வரவழைச்சிருக்கோம். மூச்சு விடும், வேர்க்கும், நெஞ்சுவலின்னு முனகும். வெர்ன்னே பேர் வெச்சாச்சு!"

டெலியா கேட்டாள்:

"அந்தப் பொம்மைக்கு மாரடைப்பு வந்தா எங்க கொண்டுபோவீங்க?"

"எங்கயும் கொண்டுபோக வேணாம்மா," என்றார் டீன், அவளுக்கு ஆறுதலாக. "அதைக் காப்பாத்த எல்லா வசதியும் இங்கயே இருக்கு."