கழுத்தர் கொழுவாத சுவர்

ரொறன்ரோவில் பாதித் தமிழர்களுடைய கழுத்து இன்றைக்கும் நேராக நிற்கிறது என்றால் அதற்கு டொக்டர்மார் காரணமில்லை. கழுத்தர்தான் காரணம்.

அவருடைய தொழில் வீடு வீடாகப் போய் ரீவியைச் சுவரில் கொழுவுவது. சொந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. வாயைத் திறந்தால் கழுத்தைப் பற்றித்தான் பேச்சு; எங்கள் ஆட்கள் பட்டப்பெயர் வைத்தாலும் மரியாதையாக 'அர்' போட்டுத்தான் வைப்பார்கள் என்பதால் அவர் கழுத்தர். எங்கே சொன்னாலும் கொழுவுவார். குளிர்காய நெருப்பு எரிக்கும் ஃபயர்பிளேசுக்கு மேலே கொழுவச் சொன்னால் மட்டும் மனுசனுக்குச் சன்னதம் வந்துவிடும்.

"அண்ணாந்து பாக்க அதென்ன கோபுரமோ?" என்பார்.

மல்வேர்னில் ஒரு வீட்டில் செற்றியில் இருந்தபடி வெறும் சுவரையே அரை மணித்தியாலம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாராம். வீட்டுக்கார அன்ரி பயந்துபோய், ஏதோ பிடித்துவிட்டது என்று திருநீறு கொண்டுவந்து பூசியிருக்கிறார். பூசி முடியுமட்டும் அசையாமல் இருந்துவிட்டு, "ரெண்டு அங்குலம் இறக்கோணும்" என்றாராம் கழுத்தர்.

தன்னுடைய பேச்சைக் கேளாமல் வேறு ஆளைப் பிடித்து மேலே கொழுவிய ஒருவரைக் கல்யாண மண்டபத்தில் கண்டுவிட்டார். சாப்பாட்டு வரிசையில் பின்னால் போய் நின்று, அந்த மனுசனின் பிடரியை இரண்டு விரலால் அமத்திப் பார்த்து, "இறுகீட்டுது" என்று ஊர் கேட்கத் தீர்ப்புச் சொன்னார். பாவம், அந்த மனுசன் அன்றைக்குப் புரியாணியைக்கூட ஒழுங்காக விழுங்கவில்லை.

இப்படிப்பட்டவரை, ரொறன்ரோவுக்குக் கொஞ்சம் வெளியே ஸ்ரௌவ்வில்லில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கூப்பிட வேண்டி வந்தது என் மச்சாளால்.

மச்சாள் என் கணவரின் அக்கா. தாயில்லாத வீட்டில் இவரைத் தூக்கி வளர்த்தவர், வளர்த்த மும்முரத்தில் தன் கல்யாணத்தையே மறந்துபோனவர். பத்து வருடம் கெஞ்சி, போன மாரிக்குளிர் தொடங்கும்போதுதான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தார். இரண்டு மாதம் போகவில்லை, "என்னை அனுப்பிவிடு தம்பி" என்று தொடங்கிவிட்டார். ஏன் என்று கேட்டால், "சும்மாதான்." என்னைப் பிடிக்கவில்லையாக்கும் என்று நான் உள்ளுக்குள் கறுவிக்கொண்டு திரிந்தேன். இவர் சோறு இறங்காமல் திரிந்தார்.

கடைசியில் இவருடைய மூளை கண்டுபிடித்த மருந்து, எழுபத்தைந்து அங்குல ரீவி! அவ்வளவு பெரிதாக நாடகம் பார்த்தால் அக்காவுக்கு ஊர் நினைப்பு வராதாம். ஆம்பிளை மூளைக்கு நான் என்ன சொல்ல?

சனிக்கிழமை மத்தியானம் கழுத்தர் சுவரில் துளைபோடும் றில்லும் கையுமாக வந்தார். இவர் ஃபயர்பிளேசுக்கு மேலே கையைக் காட்டினார்.

"வீடு விக்கேக்க காட்டின மொடல் ஹோமில அப்பிடித்தானே போட்டிருந்தவங்கள்?"

"மொடல் ஹோமில ஆரும் குடியிருந்து ரீவி பாக்கிறேல்லை அண்ணை. அதாலதான் அங்க போட்டிருக்கு. முதல் நெருப்பைப் போடுங்கோ. ஒரு மணித்தியாலம் எரிய விட்டிட்டுச் சுவரில கை வைச்சுச் சூடு பாக்கோணும்."

நாங்கள் அந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடம். அந்த நெருப்பைப் போட்டதே இல்லை. எந்தச் சுவிட்ச் என்றுகூடத் தெரியாது. கழுத்தரே தேடி, நாங்கள் கலண்டர் தொங்கவிட்டு மறைத்திருந்த சுவிட்சைக் கண்டுபிடித்துத் தட்டினார். கண்ணாடிக்குப் பின்னால் குப்பென்று பற்றியது. நான் "ஐயோ!" என்று கத்திவிட்டேன்.

"இனி எல்லாரும் வழமையா இருக்கிற இடத்தில இருங்கோ" என்றார் கழுத்தர்.

இவர் செற்றியின் நடுவில் ராசா மாதிரி இருந்தார். நான் ஓரத்தில்.

"பகலில ஆர் வீட்டில நிக்கிறது?"

"நாங்கள் ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவம். அக்கா மட்டும்தான்."

"அப்ப ரீவி அக்காவுக்கு. அவவைக் கூப்பிடுங்கோ."

மச்சாள் ஜாக்கெட்டும் கழுத்துச் சால்வையுமாக இறங்கி வந்து மாடிப்படியின் கடைசிப் படியில் குந்தினார்.

"அக்கா, நீங்கள் வழமையா இருக்கிற இடத்தில."

"இதுதான் தம்பி."

கழுத்தர் கிட்டப் போனார். முழங்காலில் நின்று, படியோரம் நிலத்தில் இருந்த, ஹீற்றரின் சூட்டுக்காற்று வரும் ஓட்டையில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு மச்சாளை நிமிர்ந்து பார்த்தார்.

"குளிருதோ அக்கா?"

"ஓம் தம்பி. வந்த நாள் தொட்டுக் குளிருது."

இவர் பதறி எழும்பினார். "ஏனக்கா சொல்லேல்லை? ஹீற்றைக் கூட்டியிருப்பன்தானே!"

"உன்ர வீடு. நீ வைச்ச கணக்கில ஓடுது. வந்து நிக்கிற நான் எப்பிடியடா அதைக் கூட்டு, இதைக் கூட்டு எண்டு சொல்லுறது?"

எனக்குச் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் வேலையால் வந்து, வியர்க்க வியர்க்கச் சமைத்து, போர்த்துக்கொண்டு படுத்துவிடுவோம். இந்த மனுசி பகல் முழுக்க ஒரு ஓட்டையைக் காவல் காத்துக்கொண்டு இருந்திருக்கிறது. ஏன் அனுப்பச் சொல்கிறீர்கள் என்று நூறு தரம் கேட்டோம். குளிருகிறதா என்று ஒரு தரம் கேட்கவில்லை.

இவர் பொம்பிளை மாதிரி அழத் தொடங்க, கழுத்தர் அதையெல்லாம் கவனிக்கவில்லை. ஒரு கதிரையைத் தூக்கி வந்து நெருப்புக்குப் பக்கத்தில் போட்டு, மச்சாளைக் கையில் பிடித்து இருத்தினார். ஒரு மணித்தியாலமும் அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து, நான் கொடுத்த தேத்தண்ணியில் மூன்று கோப்பை குடித்தார். அரைவாசியில் மச்சாள் ஜாக்கெட்டைக் கழற்றினார். வந்த பிறகு வீட்டுக்குள் அவரை ஜாக்கெட் இல்லாமல் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகு கழுத்தர் எழும்பி ஃபயர்பிளேசுக்கு மேலே சுவரில் கை வைத்தார்.

"தோசை சுடலாம். இதில ரீவியைக் கொழுவினா அக்கா நெருப்புப் போடேலாது. ஆரை நிப்பாட்டப் போறியள் அண்ணை, நெருப்பையோ ரீவியையோ?"

"நீங்கள் விரும்பின இடத்தில கொழுவுங்கோ" என்றார் இவர், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

மச்சாளின் கண் உயரத்தை அளந்து, நெருப்புக்குப் பக்கத்துச் சுவரில், சூடு படாத தூரத்தில், பதிவாகத் தாழ்த்திக் கொழுவினார். எங்கள் செற்றியிலிருந்து பக்கவாட்டில் பார்த்தால் நாடகக்காரர் எல்லாரும் கொஞ்சம் ஒடுங்கித்தான் தெரிவார்கள். தெரிந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை இவர் மெல்லத் தொண்டையைச் செருமினார். "அக்கா, ஊருக்கு ரிக்கற் போடச் சொன்னனீங்கள்…"

மச்சாள் ரீவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பொறடா. இந்த நாடகம் முடியட்டும்."

தமிழ் நாடகம் எப்போது முடியும் என்று உங்களுக்குத் தெரியாததா? இவர் குசினிக்குள் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார். அடுப்பில் கறி அடிப்பிடித்தது.

இப்போது மச்சாள் கோயிலுக்குப் போனால் எல்லாருக்கும் அர்ச்சனை செய்விப்பார். தம்பி பெயர், என் பெயர், எங்கள் நட்சத்திரங்கள் என்று ஒப்புவித்துவிட்டு, கடைசியாகக் "கழுத்தர்" என்பார். ஐயர் ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார்.

"நட்சத்திரம்?"

"தெரியாது ஐயா. நல்ல நட்சத்திரமாத்தான் இருக்கும்."