எட்டு மர நேரம்

பிரிக்பீல்ட்ஸ்,
17-3-1937

டெங்கில் ரப்பர் தோட்டத்தில் பேரேடு எழுதும் பெரிய கிராணியும் என் தாயாரின் ஒரே தம்பியுமான கனகசபை மாமா அவர்களுக்கு மருமகன் யோகநாதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மா சுகம். மாமியும் பிள்ளைகளும் சுகமாயிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

என் ஆறு நிமிடத்தை நீங்கள் திருடிவிட்டீர்கள்.

உங்கள் தோட்டத்துத் துரை கிளைடர் சங்கத்துக்கும் காரியதரிசி. அதனால் சங்கத்தின் காகிதமெல்லாம் உங்கள் மேசைக்குத்தான் வருகிறது. எஞ்சின் இல்லாத அந்த விமானத்தின் இறக்கையை ஒட்டியது யார் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. நான் சொல்கிறேன், ரயில்வே பட்டறையில் தச்சு பழகும் இந்த யோகநாதன்தான். கூலி வேண்டாம், பறக்க விடுங்கள் என்று கேட்டேன். விட்டார்கள். பறக்கும் தேர்ச்சிக்குச் சங்கம் கொடுக்கும் நீல வில்லையில் ஒரு வெள்ளைப் பறவை வாங்கினேன், பிறகு இரண்டாவது. மூன்றாவது பறவைக்குப் புறப்பட்ட உயரத்துக்குக் குறையாமல் ஐந்து நிமிடம் மிதக்க வேண்டும். ஞாயிறு காலை ஒன்பதரைக்கு மேட்டிலிருந்து எட்டுப் பேர் ரப்பர் கயிற்றை இழுத்து என்னைக் காற்றில் எறிந்தார்கள். எழும்பினேன் மாமா, மேட்டுக்கு மேலே, மரத்துக்கு மேலே, துரையின் பங்களாக் கூரைக்கும் மேலே. நம் ஆட்களில் அந்தக் கூரையை மேலிருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான். அதில் இரண்டு ஓடு உடைந்திருக்கிறது. மூன்று நிமிடம் நாற்பது விநாடியில் நான் மேட்டின் பின்பக்கம் போய்விட்டதால் கடிகாரம் பிடித்தவருக்குக் கண்ணில் படவில்லை. அதற்குப் பிறகும் அதே உயரத்தில் உங்கள் தோட்டத்துக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்துவிட்டுத்தான் தோட்டத்து ஆட்களின் லயன் வீடுகளுக்கு எதிரே இருந்த திடலில் சரசரவென்று இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமையும் நீங்கள் ஆட்களை மரத்தைக் கீறிப் பால் வெட்ட விரட்டுவதால் எனக்கு ஒரு சாட்சி கிடைத்தார். பெயர் பவுனம்மாள். கையில் வெட்டுக் கத்தியோடு ஓடி வந்தார்.

“எஞ்சின் எங்க தம்பி விழுந்துச்சு?”

“இதுக்கு எஞ்சினே கிடையாது அக்கா.”

“அது தெரிஞ்சுமா ஏறுனீங்க?”

எவ்வளவு நேரம் மேலே சுற்றினேன் என்று கேட்டேன். “எட்டு மர நேரம் இருக்கும்” என்றார். கணக்கைப் பாருங்கள். நாலு மணி நேரத்தில் முந்நூற்றிருபது மரம் வெட்ட வேண்டும் என்பது உங்கள் துரை போட்ட சட்டம். ஒரு மரத்துக்கு முக்கால் நிமிடம். எட்டு மரத்துக்கு ஆறு நிமிடம். கடிகாரம் பார்த்த நேரத்தோடு சேர்த்து ஐந்து நிமிடமாக எனக்குத் தேவை இரண்டு மரம்தான், மீதி ஆறைத் துரையே வைத்துக்கொள்ளட்டும். ‘நான் எட்டு மரம் வெட்டி முடிக்கும்வரை இவர் மேலே இருந்தார்’ என்று எழுதி அவருடைய பெருவிரல் ரேகையையும் வாங்கி, திங்கட்கிழமை உங்களிடம் கொண்டு வந்தேன். நீங்கள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: “தம்பி, நம்பத்தக்க ஆள் சாட்சி சொல்ல வேணும் எண்டு விதியிலே கிடக்கு. மணிக்கூடு இல்லாத ஆளை எப்பிடி நம்புறது?”

சொன்னதோடு விடாமல், ‘அந்த ஆறு நிமிடத்துக்குச் சாட்சி இல்லை’ என்று பதிலும் எழுதிக் கையில் கொடுத்தீர்கள். மாமா, அந்த விதியை நான் நாலு தரம் படித்தேன். மணிக்கூடு என்ற சொல்லே அதில் இல்லை, அது உங்கள் சொந்தச் சரக்கு. பவுனம்மாள் கப்பலை விட்டு இறங்கிய அன்று அவருடைய பெருவிரலை நம்பித்தானே பேர் பதிந்தீர்கள்? காலை இருட்டில் ஒரு மரம் பிந்தினால் கங்காணிக்குத் தெரிகிறது, உங்களுக்குத் தெரிகிறது, துரைக்குத் தெரிகிறது. நான் பறந்தால் மட்டும் அந்த மரத்துக்கு நேரம் தெரியாமல் போய்விடுமா? அந்த அக்கா இந்தத் தோட்டத்திலேயே சரியான மணிக்கூடு. அவரை ஓட விட்டவரே துரைதான்.

எனவே மூன்றாவது பறவைக்கான என் விண்ணப்பத்தை மறுபடி துரை முன் வையுங்கள். அம்மா உங்களுக்குப் பருத்தித்துறை வடகம் கட்டி வைத்திருக்கிறார். கோபம் எனக்குத்தான், வடகத்துக்கு இல்லை. உங்கள் காலைத் தொட்டு வணங்கும்,

மருமகன் யோகநாதன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது பவுனம்மாளின் தம்பி விஜயன் லோரியில் வந்து இறங்கினார். “அக்கா அந்த நேரத்துல ஒரு மரம்கூட வெட்டலையாம்ணே. வாயைப் பொளந்துக்கிட்டு உங்களையே பார்த்துட்டு நின்னுச்சாம். நேரம் முடிஞ்சப்ப எட்டு மரம் மிச்சம். கங்காணி அரைப்பேர் போட வச்சுட்டாரு.” ஆக, நான் எழுதிக் கொடுத்த சாட்சி பொய். எட்டு மரமும் வெட்டப்படவே இல்லை. முழு நாள் உழைத்தவருக்குப் பாதி நாள்தான் என்று பேரேட்டில் பதிந்தது உங்கள் கை. ‘பறக்கும் வண்டியைப் பார்த்து எட்டு மரம் விட்டாள்’ என்று காரணமும் எழுதியிருக்கிறீர்களாம், கீழே துரையின் கையெழுத்தாம். அந்த ஆறு நிமிடம் உங்கள் பேரேட்டில் நடந்திருக்கிறது, எனக்கு எழுதிய பதிலில் நடக்கவில்லை. இரண்டும் ஒரே பேனா. நடந்ததென்றால் என் மூன்றாவது பறவையைக் கொடுங்கள். நடக்கவில்லையென்றால் அந்த அக்காவின் பேரை முழுப்பேராக்குங்கள். எந்தக் காகிதத்தைக் கிழிக்கப் போகிறீர்கள், மாமா?