டெல்பர்ட் வாங்கிய காது

"கையைக் கொஞ்சம் தளர்த்தினா வண்டி மெதுவாப் போகப் போகுது. அதுக்கு எதுக்கு இந்தப் பெட்டி?" என்றாள் டெல்பர்ட்டின் மனைவி நோரீன்.

"உனக்குப் புரியாதும்மா. இது அறிவியல்."

சமையலறை மேசையில் டெல்பர்ட் பிரித்து வைத்திருந்த அறிவியல் உள்ளங்கை அகலம்தான் இருந்தது. ரேடார் டிடெக்டர். புதர் மறைவில் நிற்கும் போலீஸ்காரர் வேகம் பார்க்க ரேடார் அடித்தால் இது கத்தும். உடனே பிரேக்கைப் பிடித்து உத்தமனாகிவிடலாம். இதைத் தேர்ந்தெடுக்க ஒரு குளிர்காலம் முழுக்கச் செலவழித்திருந்தான். தாடிக்காரர்கள் கார் நிறுத்துமிடத்தில் நின்று பேசும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, எந்தப் பெட்டி மலைக்கு அந்தப் பக்கம் முகரும், எது மழையில் செத்துப்போகும் என்று எல்லாம் மனப்பாடம். கல்யாண நாளை மட்டும் இன்னும் போனில் பார்த்துத்தான் சொல்கிறான்.

"எனக்குப் புரிஞ்சதைச் சொல்றேன், கேளு. வேகமாப் போனதுக்கு ஏற்கெனவே ரெண்டு அபராத டிக்கெட் வாங்கிட்ட. மூணாவது வந்தா லைசென்ஸ் போயிடும். லைசென்ஸ் போனா ஸ்கூல் பஸ் வேலை போயிடும். வேலை போனா அவங்க கொடுக்கிற மெடிக்கல் இன்சூரன்ஸ் போயிடும். ஜூன் மாசம் எனக்கு முட்டி ஆபரேஷன். அப்புறம் நீதான் யூடியூப் பார்த்துப் பண்ணி விடணும்."

"அதுக்குத்தானே வாங்கினேன்! இனிமே மூணாவது டிக்கெட் வரவே வராது."

"மெதுவாப் போனாலும் வராது."

டெல்பர்ட் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். படிக்காத ஜனங்களை அவன் அப்படித்தான் பார்ப்பான். திங்கள் முதல் வெள்ளி வரை மஞ்சள் பஸ்ஸை எருமை மாதிரி உருட்டுகிறவன். ஞாயிறு காலை மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டால் மட்டும் ஆர்கன்சா மாநிலம் முழுவதும் அவனுக்கு வழிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டம் உண்டு. தலைவர் ஹாஸ்கல், டயர் கடைக்காரர். ஓசார்க் மலைவளைவுகளில் எல்லாரும் உறுமிக்கொண்டு போய், ட்ரூடி பரிமாறும் சாப்பாட்டுக் கடையில் பீச் பழம் வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் தின்றுவிட்டு உறுமிக்கொண்டு திரும்புவார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் சுதந்திரம்.

பெட்டியை வண்டியில் எங்கே மாட்டுவது என்பதில் முதல் சிக்கல் வந்தது. கைப்பிடியில் அது உட்கார ஒரே இடம்தான் இருந்தது. ஸ்பீடாமீட்டருக்கு நேர் மேலே.

"வேகமே தெரியலையேடா?" என்றார் ஹாஸ்கல்.

"வேகம் எதுக்கு அண்ணே தெரியணும்? பெட்டி கத்தலைன்னா சரியான வேகம்னு அர்த்தம்."

ஹாஸ்கல் அவனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு தோளில் கைபோட்டார். "மாப்ள, இத்தனை நாள் எங்கடா இருந்த? இன்னைக்கு நீதான் முன்னாடி போற."

டெல்பர்ட்டுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பள்ளிப் பிள்ளைகள்கூட அவனை மதித்ததில்லை.

அன்று வழியெல்லாம் பெட்டி கத்தியிருக்கிறது. காற்றும் சைலன்சரும் போட்ட சத்தத்தில் அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கடை வாசலில் இன்ஜினை அணைத்த பிறகுதான் தெரிந்தது. பால் கேட்கும் குழந்தை மாதிரி அது வீரிட்டுக்கொண்டிருந்தது.

"உனக்கு ஹெல்மெட்டுக்குள்ள ஸ்பீக்கர் வேணும்டா," என்றார் ஹாஸ்கல்.

டெல்பர்ட்டிடம் ஹெல்மெட்டே கிடையாது. பெரியவர்கள் அதைப் போடத் தேவையில்லை என்று இந்த மாநிலத்துச் சட்டம் சொல்கிறது. டெல்பர்ட் மதிக்கும் ஒரே சட்டம் அது. 'காத்து முகத்துல அடிக்கணும் நோரீன், அதான் வாழ்க்கை' என்று வருஷக்கணக்கில் வாதாடியவன். மண்டையைக் காப்பாற்ற ஒருநாளும் போடாத ஹெல்மெட்டை 'பீப்' கேட்பதற்காக ஓடிப்போய் வாங்கினான். ஸ்பீக்கரை ஹாஸ்கலே கொண்டுவந்து கொடுத்தார்.

"பசங்க எல்லாரும் சேர்ந்து உனக்காக வாங்கினோம்டா."

டெல்பர்ட்டின் கண் கலங்கிவிட்டது.

வீட்டில் நோரீன் ஸ்பீக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஹாஸ்கல் சும்மா கொடுத்தானா? அவனைப் பெத்த அம்மாவுக்கே டயரை முழு விலைக்கு வித்தவனாச்சே."

"உனக்கு நட்புன்னா என்னன்னு தெரியாது."

அடுத்த ஞாயிறு காதுக்குள்ளேயே பெட்டி கத்தியது. மருந்துக்கடையின் தானியங்கிக் கதவுக்குக் கத்தியது. சூப்பர் மார்க்கெட் கதவுக்குக் கத்தியது. பக்கத்தில் புதுக் கார் வந்தால், அதன் பின்பக்கத்து சென்சாருக்கும் கத்தியது. ஒவ்வொரு கத்தலுக்கும் டெல்பர்ட் பிரேக்கின்மேல் ஏறி நின்றான். பின்னால் வந்த ஆறு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாயப் பார்த்தார்கள். சவ அடக்கம் செய்யும் நிறுவனத்து வாசலில் அவன் போட்ட பிரேக்கில், உள்ளேயிருந்து ஒருவர் நம்பிக்கையோடு எட்டிப் பார்த்தார்.

"டேய், மருந்துக்கடைக்காரன் உனக்கு டிக்கெட் கொடுப்பானாடா?" என்று கத்தினார் ஹாஸ்கல். ஆனால் சாயந்திரமே கோபத்தை விழுங்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியின் பட்டன்களை ஒவ்வொன்றாக அமுக்கினார். கதவுக்கு வாயை மூடு, காருக்கு வாயை மூடு, போலீஸுக்கு மட்டும் கத்து என்று அதற்குப் பாடம் நடத்தினார். கையோடு கொண்டுவந்த ஒரு பிரேக் விளக்கையும் வண்டியின் பின்னால் பொருத்தினார். சாப்பாட்டுத் தட்டு அகலம். எரிந்தால் தெருவே சிவந்தது.

"இது எதுக்கு அண்ணே?"

"உன் பாதுகாப்புக்குடா. பின்னாடி எவனாவது வந்து இடிச்சா எங்க மனசு தாங்குமா?"

நோரீன் ஜன்னல் வழியாக விளக்கைப் பார்த்தாள். "கறிக்கடை போர்டு மாதிரி இருக்கு," என்று மட்டும் சொன்னாள்.

அதற்கும் அடுத்த வாரம் ஹாஸ்கல் இன்னொரு நுணுக்கம் கண்டுபிடித்தார். "கூட்டமா வந்தா எங்க வண்டி கரண்டு உன் பெட்டியைக் குழப்புதுடா. நீ நல்லா முன்னாடி போயிடு. ஆனா எங்க கண்ணுக்குத் தெரியணும்."

"கரெக்ட் அண்ணே! நானும் இப்படி ஒரு வீடியோ பார்த்தேன்," என்றான் டெல்பர்ட். அப்படி ஒரு வீடியோ கிடையாது. ஆனாலும் தனக்குத் தெரியாத ஒன்று டயர் கடைக்காரருக்குத் தெரிந்திருப்பதை அவனால் எப்படித் தாங்க முடியும்?

மே மாதக் கடைசி ஞாயிறு. கிளம்பும்போது நோரீன் வாசலில் நின்றாள். முட்டி வலி, கதவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

"ஆஸ்பத்திரியில தேதி கொடுத்துட்டாங்க. இன்னைக்கு மட்டும் வீட்ல இரேன்."

"நான் முன்னாடி போகலைன்னா பசங்க என்ன பண்ணுவாங்க?"

மேகமே இல்லாத வானம். காய்ந்த சாலை. காதுக்குள் பரிபூரண அமைதி. பெட்டி கத்தவில்லை, ஆகவே வேகம் சரி. இன்னும் கொஞ்சம் முறுக்கினான். அப்போதும் கத்தவில்லை, ஆகவே அதுவும் சரி. இந்தத் தர்க்கத்தின்படி மலை வளைவைத் திரும்பும்போது அவன் ஏறக்குறைய பறந்துகொண்டிருந்தான்.

'பீப்!'

பிரேக்கைப் பிடித்தான். பின்னால் கறிக்கடை போர்டு ஜகஜ்ஜோதியாக எரிந்தது. எதிரே மர நிழலில் நின்ற போலீஸ் காரும் பதிலுக்கு நீலமும் சிவப்புமாக எரிந்தது.

"என்ன சார், ரொம்ப அவசரமோ?" என்றபடி போலீஸ்காரர் நடந்து வந்தார்.

"என் பெட்டி இப்பத்தான் கத்துச்சு!"

"நான் இப்பத்தானே சார் பட்டனை அமுக்கினேன்."

"அதுவரைக்கும்?"

"காபி குடிச்சிட்டிருந்தேன்."

வருகிற எல்லாருக்கும் விளம்பரம் பண்ணிக்கொண்டு ரேடாரை நாள் முழுக்க எரியவிடுகிற போலீஸ்காரர்கள் வீடியோவில்தான் இருப்பார்கள் போலிருக்கிறது. இந்த ஆள் வண்டி கண்ணில் பட்ட பிறகு ஒரே ஒரு தட்டு தட்டினார். அவ்வளவுதான்.

"எவ்வளவு வேகத்துல வந்தீங்கன்னு தெரியுமா சார்?"

டெல்பர்ட் ஸ்பீடாமீட்டரைப் பார்த்தான். பெட்டிதான் தெரிந்தது.

"சார், நான் ஸ்கூல் பஸ் ஓட்டறவன். வேலையே போயிடும் சார். வீட்ல ஆபரேஷன் இருக்கு."

"இதை நீங்க அந்த வளைவுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும். கையெழுத்து இங்க போடுங்க."

அவன் கையெழுத்துப் போடும்போது கூட்டம் வந்தது. ஹாஸ்கலும் மற்ற ஐவரும் ஒரே வரிசையில், ஞாயிறு வழிபாட்டுக்குப் போகும் பாடகர் குழு போல, சட்டம் அனுமதித்த வேகத்தில் மிதந்து போனார்கள். ஹாஸ்கல் போலீஸ்காரருக்குத் தலையசைத்து வணக்கம்கூடச் சொன்னார்.

"பாருங்க சார், இவங்களும் மோட்டார் சைக்கிள்தான் ஓட்டறாங்க. எவ்வளவு பொறுப்பா போறாங்க!" என்றார் போலீஸ்காரர்.

டெல்பர்ட் கடைக்கு வந்து சேர்ந்தபோது அவர்கள் பீச் பையைப் பாதி தின்று முடித்திருந்தார்கள். "ஐயோ மாப்ள," என்று ஹாஸ்கல் வாய் நிறைய பீச்சோடு வருத்தப்பட்டார். "கம்பெனிக்காரன் உன்னை ஏமாத்திட்டான்டா." சொல்லிவிட்டு மறுபடி பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பல் டாக்டர் உட்கார்ந்திருந்தார். ஹாஸ்கலின் கை அவர் தோளில் இருந்தது.

டெல்பர்ட் மூலையில் ஒரு மேசையில் போய் விழுந்தான். ட்ரூடி காபியை ஊற்றிக்கொண்டே அபராதச் சீட்டைப் பார்த்தாள்.

"மூணாவதா?"

"ஆமாக்கா. நோரீன்கிட்ட என்னன்னு சொல்றது? அவ்வளவு நல்ல டிடெக்டர்க்கா. எப்படித் தப்பு பண்ணுச்சுன்னே தெரியலை. நாளைக்கே திருப்பி அனுப்பிட்டு வேற மாடல் கேக்கப் போறேன்."

ட்ரூடி காபிக் கூஜாவை மேசைமேல் வைத்தாள். ஹாஸ்கல் மேசைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"போன வருஷம் ஆர்லிஸ்னு ஒருத்தன் முன்னாடி போனான். இப்போ சைக்கிள்ல வந்து பீச் பை வாங்கிட்டுப் போறான். அதுக்கு முந்தின வருஷம் வேற ஒருத்தன். அந்த ஆறு பேருல ஒருத்தனாவது இதுவரைக்கும் டிக்கெட் வாங்கிப் பார்த்திருக்கியா? டிடெக்டர் தப்பே பண்ணலை தம்பி, அருமையா வேலை செஞ்சுது. அவங்க வச்சிருந்த டிடெக்டரே நீதான்."

டெல்பர்ட் இன்னும் அந்த மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறான், போனில் நோரீனின் எண்ணைப் பார்த்தபடி. என்ன சொல்லி ஆரம்பிப்பான்? நீங்களே சொல்லுங்களேன், உங்களுக்கு என்ன தோணுது?