சின்னம்மாவின் இணையத்தளம் குடிபூர்ந்த கதை

உறவினருக்குத் தொழில்நுட்பம் விளங்கப்படுத்தும்போது உவமை சொல்லக்கூடாது. சொல்லி முடித்ததும் நீங்கள் அதை மறந்துவிடுவீர்கள். அவர்கள் அதற்குள்ளேயே குடியிருக்கத் தொடங்கிவிடுவார்கள். இதை நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. என் கலியாணம் குழம்பப் பார்த்த அன்றுதான் படித்தேன்.

என் சின்னம்மா, அதாவது அம்மாவின் தங்கை, எங்கள் தீவில் சரவணை என்ற ஊரில் இருந்துகொண்டு கனடா வரைக்கும் கலியாணம் பேசுகிறவர். முன்பு சாதகக் குறிப்புகளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு தீவு தீவாகத் திரிந்தவர், பிறகு சொந்தமாக ஓர் இணையத்தளம் வைத்துக்கொண்டார். மாப்பிள்ளைகளின் குறிப்பு ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு வரும், பெண்களுடையது இன்னொன்றுக்கு. முறைப்பாட்டுக்கென்றும் ஒரு முகவரி இருந்தது. அதைச் சின்னம்மா ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

அந்தத் தளம் மகா மந்தம். மாப்பிள்ளையின் படம் நெற்றியிலிருந்து தொடங்கி மெதுவாகக் கீழே இறங்கும். மூக்கு வந்து சேருவதற்குள் பெண் வீட்டார் அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள். நல்ல நெற்றியுள்ளவர்களுக்கு மட்டும் கலியாணம் சரிவந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில் எனக்கும் சின்னம்மாதான் பெண் பேசி முடித்திருந்தார். காரைநகர்ப் பெண், பெயர் சுகன்யா. அடுத்த வெள்ளிக்கிழமை கலியாண எழுத்து, அதாவது பதிவு. கணினிப் பயிற்சிச் சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருந்த எனக்கு, எழுத்துக்கு முன்னர் ஏதாவது பெரிய காரியம் செய்து பெண் வீட்டாரின் காதில் விழப்பண்ணவேண்டும் என்று ஒரு துடிப்பு. (கேட்பாரில்லாமல் கிடந்த துடிப்பு.) தளத்தையும் மின்னஞ்சல்களையும் நல்ல வேகமான ஒரு புதிய ஹோஸ்டிங்குக்கு மாற்றித் தருகிறேன் என்று நானாகவே போய்ச் சொன்னேன்.

“ஹோஸ்டிங் எண்டால் என்னடா தம்பி?” என்று கேட்டார் சின்னம்மா.

அங்கேதான் வாயை விட்டேன். டொமைன் என்பது வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை, ஹோஸ்டிங் என்பது வீடு, மின்னஞ்சல்கள் எல்லாம் தளபாடம், பெயர்ப்பலகையைக் கழற்றிப் புதிய வீட்டில் மாட்டப்போகிறோம் என்று சொன்னேன். சின்னம்மா எழும்பிப்போய், புதுவீடு குடிபூர நாள் பார்க்கவென்று பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

எங்கள் பக்கத்தில் பஞ்சாங்கம் இரண்டு. வாக்கியம் ஒன்று, திருக்கணிதம் மற்றது. சின்னம்மாவின் வாடிக்கையாளரில் பாதிப்பேர் ஒன்றை நம்புகிறவர்கள், மீதிப்பேர் மற்றதை. ஒரு பக்கத்தாரையும் பகைக்க முடியாதென்று இரண்டுக்கும் பொதுவான நல்ல நேரமாகப் பார்த்தார். புதன்கிழமை காலையில் முக்கால் மணித்தியாலம் கிடைத்தது. பெயர்ப்பலகை இடம் மாறியது உலகமெங்கும் தெரியவர ஒரு நாள், இரண்டு நாள் பிடிக்கும் என்று சொல்லிப் பார்த்தேன்.

“ரெண்டு நாள் வாசப்படியிலை நிக்கிற குடிபூரலை நான் எங்கையும் காணேல்லை,” என்றார். “தளபாடம் முழுக்க அந்த முக்கால் மணித்தியாலத்துக்குள்ளை உள்ளுக்கு வரவேணும்.”

புதன் காலை நான் போனபோது கணினி மேசையில் நிறைகுடமும் குத்துவிளக்கும் இருந்தன. இணையம் வரும் பெட்டிக்குக் குங்குமப் பொட்டு வைத்திருந்தார். பக்கத்தில் மின்னடுப்பில் பால். (மின்னடுப்பும் கணினியும் ஒரே பிளக்கில். கரண்ட் போகாதது எந்தத் தெய்வத்தின் கருணையோ தெரியவில்லை.) நான் இடக்கைக்காரன். மவுசில் கை வைத்ததும் சின்னம்மா கையைத் தட்டிவிட்டார். நல்ல காரியமாம், வலக்கையால்தான் அமத்த வேண்டுமாம்.

பழைய கடிதங்களை ஆறுதலாக நகலெடுத்துக் கொண்டுபோவதுதான் முறையான வழி. எங்கள் தீவுச் சிக்னலில் அதற்கு நாட்கணக்காகும். அடுப்பிலோ பால் பொங்கப் பார்த்தது. அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை வந்தது. அனுப்பியவரின் பெயர் மாறாமலே கடிதத்தை அப்படியே இன்னொரு இடத்துக்குத் திருப்பிவிடும் வசதி ஒன்று இருக்கிறது. எல்லாக் கடிதங்களையும் தெரிவுசெய்து, வலக்கையால் ஒரே ஒரு அமத்து. பாலும் பொங்கியது. சின்னம்மா தேங்காய் உடைத்தார். நான் கால்மேல் கால் போட்டுக்கொண்டு சர்க்கரைப் புக்கை சாப்பிட்டேன்.

நான் மறந்தது ஒன்றே ஒன்று. புதிய ஹோஸ்டிங்கில் முதல்நாளே ஒரு தானியங்கிப் பதில் ஏற்படுத்தி வைத்திருந்தேன். எந்தக் கடிதம் வந்தாலும், எத்தனை தரம் வந்தாலும், அனுப்பியவருக்கு உடனே பதில் போகும். வசனமும் என்னுடையதுதான். “வணக்கம். தாங்கள் அனுப்பிய குறிப்பு கிடைக்கப் பெற்றோம். தங்கள் மனதுக்கேற்ற வரனை விரைவில் தேடித் தருவோம். அதுவரை பொறுமையாக இருக்கவும்.” கடைசி வரியை எழுதிவிட்டு நானே இரண்டுதரம் வாசித்து ரசித்திருந்தேன்.

ஆக, சின்னம்மா தளம் தொடங்கிய நாள் தொட்டு அவருக்குக் குறிப்பு அனுப்பிய அத்தனை பேருக்கும் அந்தப் பதில் போய்விட்டது. அவர்களில் முக்கால்வாசிப் பேர் கலியாணம் முடித்துப் பிள்ளை குட்டியோடு இருந்தார்கள்.

முதல் அழைப்பு பாரிசிலிருந்து வந்தது. கணவனின் தொலைபேசியில் பதிலைப் பார்த்த மனைவி, தான் இருக்கும்போதே இந்த மனிசன் என்னத்துக்குக் குறிப்பு அனுப்பினவர் என்று விசாரித்தார். அடுத்தது லண்டன். அங்கே மருமகளுக்கு வந்ததை மாமியார் வாசித்துவிட்டார். நோர்வேயில் இருந்து ஒருவர் மட்டும் மிக மரியாதையாகப் பேசினார். படங்களை இந்த முகவரிக்கு அனுப்பவேண்டாம், வேறொரு முகவரி தருகிறேன் என்றார்.

சின்னம்மா காதில் தொலைபேசியோடு என்னைப் பார்த்த பார்வையில் பொங்கிய பாலும் திரிந்திருக்கும். நான் அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஆனால் சட்டென்று ஒன்று உறைத்தது. சுகன்யாவின் குறிப்பையும் அவளுடைய அப்பா இதே முகவரிக்குத்தானே முன்பு அனுப்பினார்.

அவர் பஸ் டிப்போவில் ரைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுத்துக்கு இரண்டு நாள் இருக்க, பேசி முடித்த தரகரிடமிருந்தே “வரனைத் தேடித் தருவோம்” என்று கடிதம் வந்தால் அவர் என்ன நினைப்பார்? மாப்பிள்ளை வீடு பின்வாங்கிவிட்டது என்றுதானே? அவருக்குத் தொலைபேசி எடுத்துப் பார்த்தேன். நிறுத்தி வைத்திருந்தார். சுகன்யாவும் எடுக்கவில்லை. மோட்டார்சைக்கிளை முறுக்கிக்கொண்டு ஊர்காவற்துறைக்குப் போனேன்.

அங்கிருந்து காரைநகருக்குக் கடலைக் கடக்க ஒரு மிதவை உண்டு. அதைப் ‘பாதை’ என்போம். பாதையில் என் பக்கத்தில் நின்ற வயதான ஒருவர், கண்ணாடி கொண்டுவரவில்லை, இதில் என்ன எழுதிக் கிடக்கு என்று தன் தொலைபேசியை நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். என் வசனம். அவருடைய மகளுக்குக் கலியாணமாகிக் கைக்குழந்தையும் இருக்கிறதாம். நடுக்கடலில் நின்று நானே எழுதியதை நானே உரத்து வாசித்தேன்.

“ஆர் எழுதினதோ தெரியாது,” என்றார் அவர். “நல்ல தமிழ்.”

காரைநகர் வீட்டு விறாந்தையில் சுகன்யாவின் அப்பா நேராக நிமிர்ந்து இருந்தார். என்னைக் கண்டும் எழும்பவில்லை.

“தம்பி, விருப்பமில்லையெண்டால் நீர் நேரை வந்து சொல்லியிருக்கலாம்,” என்றார். “இது என்ன நியாயம் எண்டு கேட்டு எழுதினனான். பொறுமையாய் இருக்கட்டாம். பிறகும் எழுதினனான். பிறகும் பொறுமையாய் இருக்கட்டாம்.”

விளங்கப்படுத்தினேன். இந்தமுறை உவமை சொல்லவில்லை. அதனால் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் என் தொலைபேசியிலிருந்து அதே முகவரிக்கு வெறும் “வணக்கம்” என்று எழுதி அனுப்பினேன். சிக்னலுக்காகக் கிணற்றடிவரை நடந்து, கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதில் வந்தது. வாங்கி வாசித்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“உமக்கும் வரன் பாக்கினமோ?”

அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தரம். எழுத்து வெள்ளிக்கிழமை குறித்த நேரத்துக்கே நடக்கும், பிந்தாமல் வந்து சேரும் என்றார். எனக்குக் கால்கள் அப்போதுதான் நிலத்தில் பட்டன.

சுகன்யா குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போய், நீயும் நம்பினாயா என்று கேட்டேன்.

“வாசிச்ச உடனையே தெரியும். ‘மனதுக்கேற்ற’ எண்டு எழுதுறது நீங்கள் ஒராள்தான்,” என்றாள்.

அப்படியென்றால் ஏன் தொலைபேசியை எடுக்கவில்லை என்று கேட்டேன்.

“வாறியளோ எண்டு பாத்தனான்.”

இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குச் சந்தோசமாக இருக்கும். ஆனால் அவள் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை; அந்த இடைவெளியில் தானும் சின்னம்மாவின் முகவரிக்கு ஒரு பதில் போட்டிருந்தாள். முதலில் பார்த்த மாப்பிள்ளை விலகிவிட்டதாக அறிந்தேன், அடுத்தவர் சற்று நிதானமானவராக இருந்தால் நல்லது, கணினி தெரிந்தவர் வேண்டாம் என்று.

எழுத்து நடந்தது. அதற்குப் பிறகு சின்னம்மா என்னைக் கணினியில் கைவைக்க விடுவதில்லை. எங்கள் வீட்டில் சோறு பிந்தினாலும், பஸ் பிந்தினாலும், நான் கடைக்குப் போய் வரப் பிந்தினாலும், “அதுவரை பொறுமையாக இருக்கவும்” என்று யாராவது சொல்வார்கள். மகளுக்குப் பேச்சு வந்த புதிதில் அதையும் பழக்கிவிட்டார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. வந்த குறிப்பை எறியக்கூடாது என்பது சின்னம்மாவின் தொழில் தர்மம். அதனால் என் மனைவியின் கடிதம் இன்றைக்கும் பெண்களின் பெட்டியில் அப்படியே இருக்கிறது. எங்களுக்குள் சண்டை வந்தால் அவள் என்னோடு வாதாடுவதில்லை. சின்னம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, எனக்குக் கேட்கத்தக்கதாக ஒலியைக் கூட்டி வைப்பாள்.

“மாமி, என்ரை கடிதம் பத்திரமாய்க் கிடக்கோ?”

“ஓம் பிள்ளை, கிடக்கு. பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்.”